ஒரு பிளாஸ்டிக் குடுவைக்காக நான்கு கடை ஏறிய கதை

வணக்கம். வழக்கம்போலச் சத்துவாச்சாரி மொட்டை மாடியிலிருந்துதான் பேசுகிறேன். போகியன்று இருமிக்கொண்டே நான் பதிவுசெய்த காணொளியைப் பார்த்தவர்களுக்கு என் வீசிங் புதிய செய்தியல்ல. இன்றைய கோபம் ஸ்பேசர் என்ற பொருளைப் பற்றியது. இன்ஹேலரை ஒரு முனையில் செருகி, மறுமுனையில் வாயை வைத்து இழுக்கும் சாதாரண பிளாஸ்டிக் குடுவை அது. அதை வாங்க வேலூரில் நான்கு மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில், “அது குழந்தைங்களுக்குத்தான், பெரியவங்களுக்கு எதுக்குங்க?” என்று கேட்டார்கள். நான்காவது கடையில் தூசி படிந்த பெட்டியோடு எடுத்துக் கொடுத்து 385 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மூச்சுத்திணறலுக்கான கருவியைத் தூசியோடு விற்கும் துணிச்சலை என்னவென்று சொல்வது!

பெரியவர்களுக்கும் அது தேவைதான். நேரடியாக அழுத்தினால் மருந்து மிக வேகமாகப் பாய்ந்து பெரும்பகுதி தொண்டையிலேயே அப்பிக்கொள்கிறது. குடுவைக்குள் வேகம் தணிந்து, பெரிய துளிகள் சுவரில் தங்கிவிட, நுண்துளிகள் மட்டும் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. அழுத்துவதையும் இழுப்பதையும் நொடி பிசகாமல் ஒன்றாகச் செய்ய வேண்டிய கட்டாயமும் குறைகிறது. அந்தச் சாமர்த்தியம் எனக்கு ஒருநாளும் கைவந்ததில்லை.

இத்தனை பாடு எதற்கு என்றால், ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் மூன்று விதமாகக் குறுகுகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. கெட்டியான சளி மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கிறது. சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியானால் தடை இருமடங்காவதில்லை, 16 மடங்காகிறது. இளநீர் குடிக்கும் குழலை வாயில் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அரை நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். உடல்நலம் உள்ளவர்கள் மட்டும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் எங்களுக்குக் கடினம், ஏனெனில் மூச்சை விடும்போது குழாய்கள் மேலும் சுருங்கி, காற்று உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. விசிலடிக்கும் அந்த ஓசை அங்கிருந்துதான் வருகிறது.

இந்த அழற்சியைக் கிளறிவிடுபவை ஆளுக்கு ஆள் மாறும். எனக்குச் சளிக்காய்ச்சலும், பழைய தலையணையில் குடியிருக்கும் தூசிப்பூச்சியும், கொசுவத்திச் சுருளும் ஆகாதவை. கொசுவத்தியை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆறு ஆண்டுகளாக நான் செய்த தவறு, நீல இன்ஹேலரை மட்டுமே நம்பியது. அதிலுள்ள சால்புட்டமால் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, உள்ளே எரியும் தீயை அப்படியே விட்டுவைத்ததைப் போல நான் இருந்திருக்கிறேன். பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமாலை மட்டும் தனியே தருவதை 2019இலேயே ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பு கைவிட்டுவிட்டது. இப்போது மருத்துவர் எனக்கு எழுதிக்கொடுத்திருப்பது புடசொனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்தது. பின்னது தசையை விரைவாகத் தளர்த்தும். முன்னது ஸ்டீராய்டு வகை, வீக்கத்தை நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல அடக்கும். “ஸ்டீராய்டா!” என்று அத்தை அலறினார். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உள்ளே போவது, இதில் மைக்ரோகிராம் கணக்கில் நேரே குழாய்க்குப் போகிறது என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை.

அவர் பரிந்துரைத்தது ஆடாதோடைக் கஷாயம். அதைப் பழிக்க மாட்டேன். அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் சளியை இளக்கும் புரோமெக்சின் மருந்தே உருவானது. ஆனால் நள்ளிரவில் தசை இறுகும்போது கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது.

இனி என் வெற்றியைச் சொல்லிவிடுகிறேன். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று முறை ஊதி, அவற்றில் உயர்ந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் நிமிடத்துக்கு 290 லிட்டர் காட்டிய முள், இன்று காலை 410ஐத் தொட்டது. கோட்டை அகழியைச் சுற்றி ஓடிவிட்டு வந்தவனைப் போல அந்த முள்ளை நான்கு கோணங்களில் படம் பிடித்தேன். நான்கையும் திரையில் காட்டத்தான் போகிறேன்.

முன்பே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று விடுபட்டுவிட்டது. இந்த ஸ்டீராய்டு மருந்தை இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையெனில் வாயில் வெண்புண் வரலாம். இன்னொன்று, புதிய பிளாஸ்டிக் ஸ்பேசரின் சுவரில் நிலைமின்சாரம் இருப்பதால் அது மருந்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். சோப்பு நீரில் கழுவி, துணியால் துடைக்காமல், தானாக உலரவிட வேண்டும். கடைக்காரர் சொல்லாத இதைப் பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது. கழுவிய ஸ்பேசர் இதோ கைப்பிடிச்சுவரில் உலர்ந்துகொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்திருப்பதால், 385 ரூபாயைக் காப்பாற்ற நான் இப்போதே எழுந்து ஓட வேண்டும்.