மந்திரம் வேறு, பொறி வேறு

நடுவர் அவர்களே, கம்பனுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கும் இக்காரைக்குடியில் கூடியிருக்கும் ஆன்றோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

அறிவியல் புனைகதையும் மாயப் புனைவும் ஒன்றா, வேறா என்னும் வழக்கில், வேறே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மணிமேகலை மந்திரம் ஓதி வானில் பறந்தாள், விண்வெளி வீரன் எரிபொருளை எரித்துப் பறக்கிறான், இரண்டும் நம்மை வியக்க வைக்கும் கற்பனைகள்தாமே என்று கேட்டார். அவர் தமிழ்க் காப்பியத்தைச் சான்றாக எடுத்ததால், நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மணிமேகலைக்கு அந்த மந்திரத்தை அருளியது ஒரு தெய்வம். அவள் கையிலிருந்த அமுதசுரபியும் அப்படிப்பட்டதே. கற்பிற் சிறந்த ஆதிரை முதற்பிச்சை இட்ட பிறகே அதில் அள்ள அள்ளக் குறையாத உணவு சுரந்தது. அதாவது, அந்தப் பாத்திரத்துக்கு இடுகிறவர் யார் என்று தெரிகிறது. இப்போது சீவக சிந்தாமணிக்கு வாருங்கள். சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறியைத் துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு ஒரு கம்மியன் ஏழு நாளில் செய்து முடித்தான் என்கிறார் திருத்தக்கதேவர். வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்து மேலெழும். இடப்பக்கம் திருகினால் கீழிறங்கிக் காலூன்றி நிற்கும். பகைவனின் வெற்றி முரசு கேட்டு விசயை மயங்கிச் சோர்ந்தபோது, அந்தப் பொறி அவளைக் கொண்டுபோய் இறக்கிய இடம் சுடுகாடு. நிறைசூலியான ஓர் அரசி தன்மேல் இருக்கிறாள் என்பது அதற்குத் தெரியாது. கற்பையும் பிறப்பையும் தவத்தையும் அறிந்து விடையளிக்கும் உலகம் மாயப் புனைவின் உலகம். எவர் கை திருகினாலும் ஒன்றுபோலவே நடக்கும் உலகம் அறிவியல் புனைகதையின் உலகம். சிந்தாமணியை முழு அறிவியல் புனைகதை என்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் துணியும் மெழுகும் ஒரு பெண்ணைச் சுமந்து பறக்குமா என்று அந்த மயிலைப் பார்த்து நாம் கேட்கலாம், பறக்காது என்று காட்டவும் செய்யலாம். அமுதசுரபியைப் பார்த்து அப்படிக் கேட்பது, கதை கேட்கத் தெரியாதவர் செய்யும் வேலை.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது: அறிவியல் புனைகதை தவறாகிப் போகக்கூடியது, மாயப் புனைவு தவறாகவே முடியாதது. 1865இல் ஜூல் வெர்ன் மூன்று மனிதர்களைப் பீரங்கிக் குண்டுக்குள் அமர்த்தி நிலவை நோக்கிச் சுட்ட கதையை எழுதினார். பீரங்கியின் நீளம் 900 அடி என்றும், குண்டின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்றும் கணக்கோடு எழுதினார். அந்தக் கணக்கையே கையில் எடுத்துக்கொண்டு பள்ளி மாணவர் ஒருவர் வகுத்துப் பார்த்தால், உள்ளிருப்பவர்கள்மீது புவியீர்ப்பைப் போல் 20,000 மடங்குக்கும் மேலான விசை அழுத்தும், குழாயைத் தாண்டுமுன்பே மூவரும் நசுங்கியிருப்பார்கள் என்பது தெரிந்துவிடும். வெர்ன் தோற்றார் என்று சொல்ல நமக்கு உரிமை தந்தவரும் வெர்னே. கேள்விக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொன்று சொல்கிறேன், இது இவ்வூருக்கு நெருக்கமானது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே இருக்கிறது. அந்தத் துறையின் தொடக்கம், இறந்த தவளையின் கால் துடித்ததைக் கண்ட கால்வானியும், 1800இல் மின்கல அடுக்கைச் செய்த வோல்டாவும்தாம். தசைக்குள் மின்சாரம் இருக்கிறதா என்று ஐரோப்பா வாதிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் வளர்ந்த மேரி ஷெல்லி, 1818இல் பிராங்கன்ஸ்டைன் என்னும் நாவலை வெளியிட்டார். பிணத்துக்கு உயிர் வரும் கதைகள் அதற்கு முன்னும் ஆயிரம் உண்டு. அவற்றில் தெய்வம் இரங்கியது அல்லது பேய் புகுந்தது. இங்கே ஒரு மாணவன் படித்து, சோதித்துச் செய்கிறான். அதனால்தான் பழி முழுவதும் அவன் தலையில் விழுகிறது.

மிக முன்னேறிய தொழில்நுட்பத்தை மாயத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் கூற்றை எதிரணித் தலைவர் எடுத்துக்காட்டினார். கிளார்க் பேசியது பார்ப்பவனின் கண்ணைப் பற்றி. அவனால் பிரிக்க முடியாமற்போகலாம். அந்தக் கருவியைச் செய்தவனுக்கும், கதையை எழுதியவனுக்கும் வேறுபாடு தெரியும். ஒளியை விஞ்சிப் பறக்கும் விண்கப்பல்கள் வெறும் மந்திரம் என்றும் எதிரணித் தலைவர் சொன்னார். பல கதைகளில் அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அவை விண்கல உடுப்பணிந்த மாயப் புனைவுகள். அப்படி நாம் இனங்காண முடிவதே இரண்டும் வேறு என்பதற்குச் சான்று.

மாயப் புனைவை நான் தாழ்த்துவதாக எவரும் எண்ண வேண்டாம். வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு எங்கள் அப்பத்தா, நள்ளிரவில் அய்யனார் தம் மண் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார் என்று சொன்னபோது, அந்தக் குதிரை என்ன தின்னும் என்று நான் கேட்டதில்லை. குளம்படி கேட்கிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். இன்றும் ஊர் எல்லையில் அந்தக் குதிரைகளைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறேன். ஆனால் அதே குதிரைக்குள் மின்கலமும் பற்சக்கரமும் இருக்கின்றன என்று ஒருவர் கதை சொல்லத் தொடங்கினால், மின்கலம் எத்தனை நாழிகை தாங்கும் என்று கேட்டே தீருவேன். குதிரை ஒன்றுதான். நான் கேட்கும் கேள்வி மாறிவிடுகிறது, சொல்பவரின் கடமையும் மாறிவிடுகிறது.

மணியோசை எழுந்துவிட்டது. சுஜாதா படைத்த இயந்திர நாய் ஜீனோவைப் பற்றிய வாதத்தை, அடுத்துப் பேசவிருக்கும் எங்கள் அணித் தங்கைக்கு விட்டு அமர்கிறேன். வணக்கம்.