யாழ்ப்பாணத்திலிருந்து ரொறொன்ரோ எவ்வளவு தூரம்?

(திரையில் பூமி உருண்டை. பலாலியில் ஒரு புள்ளி, ரொறொன்ரோவில் ஒரு புள்ளி.)

கனடாவில் சொந்தபந்தம் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. ஆனால் கனடா எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீற்றரில் யாரும் சொல்லமாட்டார்கள். "ஒன்றரை நாள் பயணம்" என்றுதான் பதில் வரும். அந்த ஒன்றரை நாள் எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து ரொறொன்ரோவுக்கு மிகக் குறுகிய வழி ஏறக்குறைய 13,700 கிலோமீற்றர். சுவரில் தொங்கும் வரைபடத்தில் கோடு கீறினால் அது அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும். உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறும். இராஜஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, கிறீன்லாந்தின் பனி எல்லாம் தாண்டித்தான் கனடாவுக்குள் இறங்கும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பதினைந்தேகால் மணித்தியாலம்.

சரி, அப்படி ஒரு விமானம் இருக்கிறதா? இல்லை. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. ஓடுபாதை குட்டை, பெரிய ஜெட் இறங்காது. சென்னைக்குப் பறப்பது ஏ.டி.ஆர். 72, இறக்கையில் காற்றாடி சுழலும் சின்ன விமானம். ஆகவே கனடாவுக்குப் பெரும்பாலானோர் வான் வண்டி பிடித்துக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத்தான் போகிறார்கள்.

(திரையில் கட்டுநாயக்க – டுபாய் – ரொறொன்ரோ கோடு.)

டுபாயில் மாறிப் போவதை எல்லோரும் பெரிய சுற்று என்று நினைக்கிறோம். கணக்குப் பாருங்கள். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் 3,290, அங்கிருந்து ரொறொன்ரோ 11,080. கூட்டினால் 14,370. கட்டுநாயக்கவிலிருந்து நேரே பறந்தாலும் 14,000 வரும். கூடுவது 370 கிலோமீற்றர்தான், வானத்தில் அரை மணித்தியாலம்கூட இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய அதே தூரத்தை ஏ-9 வீதியில் வான் வண்டியில் போக ஏழெட்டு மணித்தியாலம்! அப்புறம் மூன்று மணித்தியாலம் முன்னதாகவே போய் நிற்கவேண்டும், டுபாயில் காத்திருப்பு வேறு. நாளைத் தின்பது வானமல்ல, தரைதான்.

ரிக்கெற்றைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். புறப்பாடு காலை 10, வருகை அதே நாள் இரவு 9 என்று போட்டிருந்தால் பதினொரு மணித்தியாலம் அல்ல. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறொன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், அதைக் கூட்டினால் இருபதரை. குளிர்காலத்தில் பத்தரையைக் கூட்டுங்கள்.

திரும்பி வரும்போது ரொறொன்ரோ–டுபாய் பறப்பு ஒரு மணித்தியாலமளவில் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று அப்போது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். ஏற்ற வரும் வான்காரருக்கு நேரம் சொல்லும்போது, போன பயணத்தின் கணக்கைச் சொல்லாமல் ரிக்கெற்றில் உள்ள வருகை நேரத்தையே சொல்லுங்கள். அது ஏற்கெனவே இலங்கை நேரம், ஒன்றும் கூட்டத் தேவையில்லை.