பேனர்ல தமிழ் ஏன் உடையுது? மொரிஷியஸ் பிரிண்டிங் கடையில இருந்து

[ஸ்கிரீன்ல ஒரு பேனர், மெதுவா பெரிசாகுது]

வணக்கம். இந்த பேனரை கொஞ்சம் உத்துப் பாருங்க. வருஷப் பிறப்புக்கு ஒரு கடைக்காக அடிச்சது, வாழை இலை, குத்துவிளக்கு எல்லாம் கண்ணுக்கு நிறைவா இருக்கு. நடுவுல பெருசா "விலைக் குறைப்பு"ன்னு இருக்கணும். ஆனா விலைல வர்ற இணைக்கொம்பு ல-வுக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போயிருச்சு, குறைப்புல கு ஒரு பக்கம் அதோட சுழி ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கு. நான் ரோஸ் ஹில்ல ஒரு பிரிண்டிங் கடையில டிசைன் வேலை பாக்குறேன், சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், இங்க வந்து ஒம்பது வருஷமாச்சு. நான் லீவுல இருந்த வாரம் இது மெஷினுக்குப் போயிருச்சு, திரும்பி வந்து பாத்தா ரோட்டுல தொங்குது.

ஒரு பாட்டி கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தாங்க. சின்ன வயசுல கோயில்ல தமிழ் படிச்சவங்க, வீட்ல பேசுறது கிரியோல்தான், பிரெஞ்சுல இருந்து வந்த இந்த ஊர்ப் பேச்சு பாஷை. அந்த பேனரை சுட்டிக்காட்டி கிரியோல்லயே சொன்னாங்க, "இது நம்ம எழுத்து மாதிரி இருக்கு, ஆனா நம்ம எழுத்து இல்லையே"ன்னு. எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

சரி, ஏன் உடையுது? கம்ப்யூட்டர் "லை"யை சேமிச்சு வைக்கும்போது முதல்ல ல, அதுக்கப்புறம்தான் கொம்பு. அந்தக் கொம்பைத் தூக்கி முன்னாடி வைக்கிறது சாஃப்ட்வேரோட வேலை. டிசைன் சாஃப்ட்வேர்ல டைப் செட்டிங்ல வேர்ல்ட் ரெடின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அது ஆன் ஆகாம இருந்தா வந்த வரிசையிலயே அப்படியே அடிச்சுத் தள்ளிரும். பழைய பாமினி ஃபான்ட்ல வேற கதை. அதுல உள்ள இருக்கிறது இங்கிலீஷ் கீதான், மேல தமிழ் உருவம் மட்டும். ஜே, கே, பி, ஓ, செமிகோலன் அடிச்சா தமிழ்னு வரும், அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் ஜே கே பி ஓ செமிகோலன்தான் நிக்கும்.

[ஸ்கிரீன்ல: சோல்ட்]

அடுத்தது அர்த்தம். இங்க கடை விளம்பரம் முதல்ல பிரெஞ்சுலயோ இங்கிலீஷ்லயோதான் எழுதுவாங்க, அப்புறம் யாராவது போன்ல போட்டு தமிழாக்குவாங்க. பிரெஞ்சுல சோல்ட்னா தள்ளுபடி விற்பனை, அதே சத்தத்துல பேங்க் கணக்குல மிச்சம் இருக்கிற தொகையும் சோல்ட்தான். அதனால ஒரு தடவை என் டேபிளுக்கு வந்த ஃபைல்ல "மீதித் தொகை 50 சதவீதம்"னு இருந்துச்சு, அதைப் படிக்கிறவங்க கடன் நோட்டீஸ்னு நினைப்பாங்க. தைப்பூசக் காவடிக்கு வந்த இன்னொரு போஸ்டர்ல "பிறந்தநாள் வாழ்த்துகள்". ஏன்னா பிரெஞ்சுல "போன் ஃபெத்"ங்கிறது பண்டிகைக்கும் சொல்ற வார்த்தை, பிறந்தநாளுக்கும் சொல்ற வார்த்தை. பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறவங்க கண்ணுல அது பட்டா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதில்ல. 1987ல அமெரிக்காவுல பிரானிஃப் ஏர்லைன்ஸ் ஸ்பானிஷ் பேசுற மக்களுக்கு லெதர் சீட்டைப் பத்தி விளம்பரம் பண்ணாங்க, தோல் சீட்ல உக்காந்து பறங்கன்னு. ஆனா அந்த ஸ்பானிஷ் வார்த்தை காதுல விழும்போது ஒட்டுத்துணி இல்லாம பறங்கன்னு கேக்கும். கலிஃபோர்னியா பால் வாரியம் 1993ல "காட் மில்க்"னு, அதாவது பால் இருக்கான்னு கேட்டு விளம்பரம் ஆரம்பிச்சாங்க. அதை அப்படியே ஸ்பானிஷ்ல போட்டா ஒரு பொம்பளைகிட்ட தாய்ப்பால் சுரக்குதான்னு கேக்குற மாதிரி ஆயிரும். அதோட, வீட்ல பால் தீந்து போச்சுங்கிறது ஸ்பானிஷ் பேசுற குடும்பத்து அம்மாக்களுக்கு சிரிக்கிற விஷயமே இல்ல. அதனால ஸ்பானிஷ் விளம்பரத்துக்கு குடும்பம், அன்பு, பால்னு புதுசாவே எழுதினாங்க. இதை நான் ரொம்ப மதிக்கிறேன், அவங்க வார்த்தையை மாத்தறதுக்கு முன்னாடி கேக்கப் போற ஆளை நினைச்சிருக்காங்க.

[ஸ்கிரீன்ல: மொரிஷியஸ் ரூபாய் நோட்டு]

இங்க தமிழைக் குடியேறினவங்க பாஷைன்னு சொல்றதே எனக்கு சரியா படல. பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே, 1700கள்ல, புதுச்சேரி பக்கத்துல இருந்து கைவினைக்காரங்க வந்துட்டாங்க, 1834க்கு அப்புறம் ஒப்பந்தக் கூலியா இன்னும் நிறைய பேர். நோட்டுலயே தமிழ் இருக்கு. 1998ல புது நோட்டு அடிச்சப்போ தமிழுக்கு முன்னாடி இந்தியைக் கொண்டுவந்து வச்சாங்க, ஒரு எழுத்துகூட தப்பில்ல, வரிசை மட்டும்தான் மாறுச்சு. அதுக்கே தமிழ் மக்கள் கொதிச்சு எழுந்தாங்க, நோட்டைத் திரும்ப வாங்கி அடுத்த வருஷம் பழைய வரிசையிலயே புதுசா அடிக்க வேண்டியதாயிருச்சு, மொரிஷியஸ் வங்கி கவர்னரும் பதவியை விட வேண்டி வந்துச்சு. அன்னைக்கு கேட்டவங்கள்ல எத்தனையோ பேருக்கு தமிழ் சரளமா படிக்க வராது, ஆனா அது எங்க இருக்கணும்னு தெரியும்.

அந்த பேனர் விஷயத்துல மொழிபெயர்த்தவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவர் "விலைக் குறைப்பு"ன்னு சரியாத்தான் எழுதியிருந்தார். கடை, ஏஜென்சி, எங்க டேபிள், மெஷின்னு நாலு கை மாறுச்சு, நாலு கைலயும் தமிழ் படிக்கிற கண்ணு இல்ல. படம் நேரா இருக்கா, கலர் சரியா இருக்கான்னு எல்லாரும் பாத்தாங்க.

இப்ப நாங்க பண்றது இதுதான். தமிழ் ஃபைல் வந்தா மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு காப்பி எடுப்போம், போட்டோ பிடிச்சு அந்தப் பாட்டிக்கு வாட்ஸப்ல அனுப்புவோம், அவங்க வாய்விட்டுப் படிச்சு வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க. ஒரு வார்த்தைல தடுக்கி நின்னாங்கன்னா ஃபைல் திரும்பப் போகும். படிக்க ஆள் இல்லாத கடைக்கு ஒண்ணு சொல்றேன், இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

[ஸ்கிரீன்ல பெருசா: விலை, பொங்கல்]

இந்த ரெண்டு வார்த்தையையும் உங்க டிசைன்ல டைப் பண்ணிப் பக்கத்துல வச்சுப் பாருங்க. லை-ல கொம்பு முன்னாடி இருக்கணும், பொ-வுல ஒரு பக்கம் கொம்பு, மறு பக்கம் கால், நடுவுல ப. அச்சு அசலா இப்படியே வந்தா பிரிண்டுக்கு அனுப்புங்க.