போகாத வீட்டைப் பற்றி ஓர் அறிக்கை

வணக்கம் நேயர்களே. சமூகப் பணி படிக்கிற மாணவர்களுக்குத் தொழில் ஒழுக்கம் எப்படிப் படிகிறது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். இருபது வருடமாக வகுப்பில் இதைத்தான் நடத்துகிறேன். ஆனால் நான் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை, ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டபோது.

2002-இல் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்பில் முதலாண்டு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. வடசென்னையில் காசநோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். காசநோய்க்கு அப்போது ஆறு மாதம் மருந்து. இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்றுவிடும், முகத்தில் தெளிவு வந்துவிடும். "அதான் சரியாயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். அதனால்தான் வீடு வீடாகப் போய் விசாரிப்பது. எனக்கு ஐந்து வீடு.

ஐப்பசி மழை. ஒரு வியாழக்கிழமை நான்கு வீடு முடித்துவிட்டேன். ஐந்தாவது வீடு சந்தின் கடைசியில், முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம். நான் திரும்பி பஸ் ஏறிவிட்டேன். ராத்திரி விடுதியில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன்: "ஆயா நலமாக இருக்கிறார். மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறார். மருமகளோடு இருந்த மனத்தாங்கல் குறைந்திருக்கிறது." மருமகள் வரைக்கும் போயிருக்கிறேன், பாருங்கள். பொய்க்கும் கொஞ்சம் மசாலா வேண்டியிருக்கிறது.

தீபாவளி விடுமுறை முடிந்து போனபோது என் மேற்பார்வையாளர் மேடம் நோட்டை எதிரே விரித்து வைத்தார். "நீ எழுதின தேதிக்கு நாலு நாள் முன்னாடியே அந்தம்மா திண்டிவனம் பக்கம் மக வீட்டுக்குப் போயிட்டாங்களாமே. நீ யாரைப் பார்த்தே?"

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அப்புறம் சொன்னார்: "நீ எழுதினதை நம்பி, மருந்து சாப்பிடறதா இங்கே அவங்க அட்டையிலே குறிச்சுட்டாங்க. அதனால யாரும் தேடலை." மூன்று வாரத்துக்கு மேல் அந்த ஆயா மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார். நான் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால்கூட, அந்த வெற்று இடத்தைப் பார்த்து யாராவது ஒருவர் தேடிப் போயிருப்பார்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்க மேடம் விடவில்லை. அதன் கீழேயே "இந்த வீட்டுக்கு நான் போகவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

இப்போது மாணவர்களின் களப்பணி நோட்டைத் திருத்தும்போது என் கண் முதலில் தேடுவது "வீடு பூட்டியிருந்தது", "பேச விரும்பவில்லை", "எனக்குப் புரியவில்லை" மாதிரியான வரிகளைத்தான். இரண்டு மாத நோட்டில் அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகம் வந்துவிடும். ஆனால் ஆசிரியர்களான நாங்களும் இதில் சுத்தம் இல்லை. எத்தனை வீடு, எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கைக்கு மதிப்பெண் போட்டால் எண்ணிக்கைதான் வரும்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு 1936-இல் பம்பாயில் தொடங்கியது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் சமூகப் பணிக் கல்லூரி வந்தது. இத்தனை காலம் ஆகியும், வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் எல்லாச் சமூகப் பணியாளர்களுக்கும் பொதுவாக ஒரு சட்டபூர்வ கவுன்சில் கிடையாது. மருத்துவமனைகளிலும் மனநலத் துறையிலும் வேலை செய்கிறவர்களை மட்டும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மற்றவர்கள் தப்பு செய்தால் பிடுங்குவதற்கு உரிமம் என்று ஒன்று இல்லை. ஆகவே அந்த ஐந்தாவது வீட்டுக்குப் போனோமா இல்லையா என்பது பெரும்பாலும் நமக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருக்கிறது.

அடுத்து, ரகசியம். பீஸ்டெக் என்கிற பாதிரியார் 1957-இல் சமூகப் பணிக்காக வகுத்த ஏழு கோட்பாடுகளை எங்கள் மாணவர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். ஏழாவது, ரகசியம் காத்தல். தேர்வில் அதை அழகாக எழுதிவிட்டு வெளியே வந்து, டீக்கடையில் நின்றபடி "என் கேஸ் இன்னிக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். "சொல்லுச்சு" என்பதைக் கவனியுங்கள். ஆள் கேஸ் ஆனதும் உயர்திணை போய்விடுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, நல்ல பிள்ளைகள் செய்வது. ஒரு சிறுமி தயங்கித் தயங்கி, "அக்கா, ஒண்ணு சொல்லுவேன், யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்கிறாள். மனம் இளகி நம் மாணவியும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிடுகிறாள். சிறுமி சொல்வது பாலியல் கொடுமை. 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கவும் இடமுண்டு. சத்தியத்தைக் காத்தால் குழந்தைக்கு ஆபத்து, மீறினால் அந்தக் குழந்தை நம்பிய ஒரே ஆளும் ஏமாற்றியதாக ஆகிவிடும். அதனால் சத்தியத்துக்கு முன்னாலேயே பேச வேண்டும்: "நீ சொல்றதை ஊர்ல யார்கிட்டேயும் பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உன்னைக் காப்பாத்தக் கூடியவங்ககிட்ட சொல்லுவேன். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டேயும் சொல்லுவேன்." இதைக் கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொள்ளலாம். மூடிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வருவதற்கு ஒரு கதவு திறந்திருந்தது, சிலர் வந்தார்கள்.

செல்போன் பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்பக இல்லத்துக் குழந்தைகளோடு எடுத்த படம் ஸ்டேட்டஸில் ஏறக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. முகத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையை ஒட்டிவிட்டு, பின்னால் இல்லத்தின் பெயர்ப்பலகை தெரிய நிற்பவர்களையும் பார்த்தாயிற்று.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கிராம முகாம். பத்து நாள் போல ஊரில் தங்குகிறோம். பள்ளிக்கூடத்தில் இடம் தந்து சமையலுக்கும் ஏற்பாடு செய்கிறவர் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர். முதல் நாளே திண்ணையில் ஒரு கேள்வி வரும்: "தம்பி, நீங்க எந்த ஊரு? அங்கே எந்தத் தெரு?" தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்பது என்று நமக்குத் தெரியும். கோபப்படுவதா, மழுப்புவதா? நான் மாணவர்களிடம் சொல்வது, "அதைச் சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க ஐயா" என்று முகம் சுளிக்காமல் சொல்லிவிடுங்கள் என்றுதான். அதுவாவது வாய்ப்பேச்சு. காலனிக்குப் போய் மனுப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு, நீட்டுகிற டம்ளரை "இப்பதான் குடிச்சோம்" என்று தள்ளுகிறார்களே, அதை எந்த ரிப்போர்ட்டிலும் எழுத மாட்டார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு முகாமில் ஒரு பாட்டி என்னிடமே கேட்டார்: "உங்க புள்ளைங்களுக்கு எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் தாகமே எடுக்காதாம்மா?" அன்று மாலைக் கூட்டத்தில் முகாம் திட்டம் எதையும் பேசவில்லை. அந்தக் கேள்வியைத்தான் பேசினோம். இரண்டு பேர் அழுதார்கள், ஒருவன் என்னோடு சண்டை போட்டான். மறுநாள் எல்லோரும் அங்கே போய்த் தண்ணீர் குடித்தார்கள். ஆனால் அது பாட்டியை மதித்தா, எனக்குப் பயந்தா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

கடைசியாக, விடைபெறுவது. நமக்குக் களப்பணி மார்ச்சில் முடிந்துவிடுகிறது. இல்லத்தில் இருக்கிற பையனுக்கு மார்ச் என்றால் ஒன்றும் இல்லை. "திங்கக்கிழமை வருவீங்களாண்ணா?" என்று கேட்டால், அழுதுவிடுவானோ என்று "ம்" சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவன் திங்கள்கிழமை வாசல் கேட் பக்கத்தில் நிற்பான். அவனைப் போல் பல பேரை, சொந்த வீட்டு ஆட்களே முன்பு இப்படிச் சொல்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு என் மாணவர் ஒருவர் ஜனவரியிலேயே ஒரு காலண்டர் தாளை எடுத்துப் போய், தான் வரப்போகிற நாட்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஒன்பது வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார். வந்துபோகும் ஒவ்வொரு நாளும் பையனே ஒரு வட்டத்தை அடித்துவிடுவான். கடைசி வட்டத்து அன்று அவன் வெளியே வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். மாணவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துப் பையன், "இந்தத் தாளை நானே வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டானாம். அந்த வாரம் அவர் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது அவ்வளவுதான். நானும் அதன் கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டேன், வேறெதுவும் எழுதவில்லை.

வணக்கம்.