ரெண்டு டிஸ்க்லயும் பச்சை லைட்… ஒண்ணு சாகப்போகுது! எதைக் கழட்டுவீங்க?

[திரையில்: சர்வரின் முன்பக்கம். ரெண்டு டிஸ்க், ரெண்டிலும் பச்சை விளக்கு.]

நல்லாப் பாருங்க. ரெண்டு டிஸ்க், ரெண்டுலயும் பச்சை. ஆனா இதுல ஒண்ணு சாகக் கிடக்குது. எதுன்னு இப்பவே கமெண்ட்ல போடுங்க, வீடியோ முடியறப்போ பார்க்கலாம். நான் ஒரு தடவை இதே மாதிரி நின்னு, நல்ல டிஸ்க்கைக் கழட்டினவன். அந்த மானம் போன கதையும் வருது.

இன்னைக்கு வேலை, ரெய்டுல சாகப்போற டிஸ்க்கை மாத்தறது. ரெய்டுன்னா பல டிஸ்க்கைச் சேர்த்து ஒண்ணா ஓட்டறது. அதோட வரலாறு ஒரே மூச்சுல: 1988-ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர், விலை கம்மியான டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினா விலை உசந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலா ஓட்டலாம்னு பேப்பர் எழுதினாங்க. அதுல ரெய்டு 1-ங்கிறதுதான் மிர்ரர். போதும், வாங்க.

[திரையில்: கல்யாண மண்டப மேசை. ரெண்டு மொய் நோட்டு.]

இதை மொய் நோட்டு வெச்சு சொன்னாத்தான் எனக்குத் திருப்தி. மேசையில ஒரே நோட்டு இருந்து, அதுமேல யாராவது பாயசத்தைக் கொட்டிட்டா? அதான் உஷாரான வீட்ல ரெண்டு நோட்டு. "கீழத்தெரு முருகேசன், ஐந்நூத்தி ஒண்ணு!"ன்னு சத்தம் வந்தா சித்தப்பாவும் எழுதணும், பெரியப்பாவும் எழுதணும். ரெண்டு பேரும் எழுதினப்புறம்தான் அடுத்த பேர். இதான் மிர்ரர்.

இப்போ சித்தப்பாவுக்குத் தூக்கம் சொக்குது. ஒரு பேருக்கு மூணு தடவை திருப்பிக் கேக்குறார். எழுப்பி அனுப்பிட்டு மருமகனைப் புது நோட்டோட உட்கார வைக்கறோம். மொய் வரிசை நிக்காது, வந்துக்கிட்டே இருக்கும். பெரியப்பா வர்ற மொய்யையும் எழுதணும், நடுநடுவுல முதல் பக்கத்துல இருந்து மருமகனுக்கு வாசிச்சும் காட்டணும். இதுதான் ரீபில்டு. பெரியப்பாவுக்கும் வயசு அதேதான், ரெண்டு பேரும் ஒரே பந்தியில சாப்பிட்டவங்க. உங்க ரெண்டு டிஸ்க்கும் ஒரே நாள்ல, ஒரே பேட்ச்ல வாங்கினதுதானே? அந்த நேரத்துல பெரியப்பாவும் சாஞ்சுட்டா முடிஞ்சுது கதை.

இன்னொண்ணு. "அந்த முருகேசன் பேரை அடிங்க"ன்னு யாராவது தப்பா சொன்னா, ரெண்டு நோட்டுலயும் அடிச்சிடுவாங்க. அதனால மிர்ரர் பேக்கப் ஆகாது. பேக்கப்னா நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வேற ஊர்ல அத்தை வீட்டு பீரோவுல பூட்டி வெச்சது. வேலையைத் தொடங்கும் முன்னாடி அந்த ஜெராக்ஸ் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வீடியோவை நிறுத்திட்டு எடுத்துட்டு வாங்க, நான் எங்கயும் போகல.

[திரையில்: ஸ்மார்ட் அறிக்கை. 5, 197, 199 வரிசைகள் மட்டும் வெளிச்சத்தில்.]

ஸ்மார்ட் அறிக்கைன்னா டிஸ்க் தன்னோட உடம்பு நிலையைத் தானே சொல்றது. சித்தப்பா தூங்குறது இங்கதான் தெரியும். 5-ஆம் வரிசை, கெட்டுப்போய் மாத்தி வெச்ச செக்டார், அதாவது டிஸ்க்ல டேட்டா எழுதுற சின்னக் கட்டம். 197, படிக்க முடியாம முழிக்கிற செக்டார். இது ரெண்டும் ஏறிக்கிட்டே போனா புது டிஸ்க் ஆர்டர் போடுங்க. 199 மட்டும் ஏறுதா? பெரும்பாலும் கேபிள் கோளாறு. டிஸ்க் விலையைக் கேட்டு மயங்கி விழறதுக்கு முன்னாடி கேபிளை மாத்திப் பாருங்க.

சரி, என் கதை. ஒரு ஆபீஸ்ல ராத்திரி பத்து மணி. எஸ்டிபி கெட்டுப்போச்சுன்னு சிஸ்டம் சொல்லுது. எஸ்டிஏ, எஸ்டிபின்னா லினக்ஸ் சிஸ்டம் டிஸ்க்குகளுக்கு வெக்கிற பேரு. இடதுபக்கம் இருக்கறது எஸ்டிஏ, வலதுபக்கம் எஸ்டிபின்னு நானா முடிவு பண்ணி வலதுபக்கத்தை இழுத்தேன். திரை முழுக்க ரீட் எரர். வயித்துல புளியைக் கரைச்சுது. நான் இழுத்தது பெரியப்பாவை! திரும்பச் செருகி, ரீபூட் பண்ணி, நல்ல டிஸ்க் ஏறி வர்ற வரைக்கும் சாமி எல்லாத்தையும் கூப்பிட்டேன்.

எஸ்டிஏ, எஸ்டிபிங்கிறது பட்டப்பேரு மாதிரி, ரீபூட்ல மாறலாம். சீரியல் நம்பர் மாறாது. அதனால ஸ்மார்ட் அறிக்கையில வர்ற சீரியலோட கடைசி நாலு எழுத்தைக் கையில எழுதிக்கிட்டுப் போய், டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற லேபிளோட ஒப்பிடுங்க. லேபிள் உள்ள மறைஞ்சிருக்கா? நல்ல டிஸ்க்கைச் சும்மா படிக்க விடுங்க; எந்த லைட் விடாம மினுக்குதோ அதுல கை வைக்காதீங்க.

[திரையில்: கமாண்டுகள் ஒவ்வொன்றாக.]

லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டுன்னா, கெட்டதை முதல்ல 'ஃபெயில்' பண்ணி, அப்புறம் 'ரிமூவ்' பண்ணிட்டுக் கழட்டுங்க. ஹாட் ஸ்வாப், அதாவது ஓடும்போதே டிஸ்க்கைக் கழட்டி மாட்டுற வசதி, இல்லாத மெஷின்னா ஷட்டவுன் பண்ணிட்டு. புது டிஸ்க் ஒரு துளிகூடச் சின்னதா இருக்கக்கூடாது, ஏத்துக்காது.

அடுத்தது பார்ட்டிஷன் டேபிளை, அதாவது டிஸ்க் எப்படிப் பிரிச்சிருக்குன்னு சொல்ற அட்டவணையை, புதுசுக்குக் காப்பி பண்றது. எஸ்ஜிடிஸ்க் கமாண்டுல பெரிய 'ஆர்'-க்கு ஒட்டி வர்றது புது டிஸ்க், கடைசியில வர்றதுதான் ஏற்கெனவே ஓடுற நல்ல டிஸ்க். தலைகீழாப் போட்டா காலி டேபிள் நல்ல டிஸ்க் மேல ஏறி உட்காரும். என்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கறவரை ஒரு தடவை சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, யாரும் இல்லைன்னா நீங்களே வாசிங்க.

'ஆட்' பண்ணினதும் ரீபில்டு ஓடும். 4 டெராபைட், வினாடிக்கு 150 மெகாபைட்னு வெச்சாலும் ஏழரை மணி நேரம் கிட்ட ஆகும். ஏழரைன்னதும் பயப்படாதீங்க, விடிஞ்சா முடிஞ்சிடும்.

[திரையில்: எம்டிஸ்டாட், அதாவது ரெய்டு நிலவரம் காட்டும் ஃபைல். 'யூ'வும் ஒரு கோடும் இருந்த இடத்தில் இப்போது ரெண்டு 'யூ'.]

ரெண்டு 'யூ' வந்தாச்சு, ரெண்டு டிஸ்க்கும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். டீ குடிக்கப் போகாதீங்க! இந்த டிஸ்க்லதான் சிஸ்டமே பூட் ஆகுதுன்னா, புதுசுலயும் பூட்லோடர், அதாவது மெஷினை எழுப்பி விடுற புரோகிராம், போடணும். மறந்துட்டா, அடுத்து பழைய டிஸ்க் போற அன்னைக்கு டேட்டா பத்திரமா இருக்கும், மெஷின் மட்டும் எழுந்திருக்காது.

அந்தக் கழட்டின டிஸ்க்? அது மிர்ரர்ல பாதி இல்லை, முழு நோட்டு. பழைய இரும்புக் கடைக்காரர்கிட்ட எடைக்குப் போட்டா கம்பெனி கணக்கெல்லாம் சேர்ந்து போகும். அழிக்க முடிஞ்சா அழிங்க, இல்லைன்னா ட்ரில்லிங் மெஷினை எடுங்க.

ஆங், முதல்ல கேட்ட கேள்வி. இடதுன்னு போட்டவங்களும் தப்பு, வலதுன்னு போட்டவங்களும் தப்பு. "சீரியல் நம்பர் என்ன?"ன்னு திருப்பிக் கேட்டவங்க கமெண்ட்டைத்தான் பின் பண்ணப்போறேன்.