குடிப்பவருக்குத் தூக்க மாத்திரை ஏறாதது ஏன்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "என் வீட்டுக்காரர் பல வருஷமாகத் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் குடிப்பார். குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். குடிக்கக் கூடாது என்றதால் நேற்றிலிருந்து நிறுத்திவிட்டார், தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் தூக்க மாத்திரையைக் கொடுத்தேன். பாட்டி அரை மாத்திரைக்கே விடியும்வரை தூங்குவார். இவருக்கு ஒன்று போட்டும் கண் அசரவில்லை. இரண்டாகக் கொடுக்கலாமா? குடிக்கிறவர்களுக்கு மயக்க மருந்தும் ஏறாதாமே, ஆபரேஷன் நடுவில் முழித்துக்கொள்வாரா?"

மாத்திரைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. இரண்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பது சாதாரணத் தூக்கமின்மை இல்லை. குடி நின்றதால் வந்தது. இன்றைக்கே அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன்.

மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. நரம்பு செல்களை அடக்கி வைப்பது அதன் வேலை. மது உள்ளே போனதும் இந்த அடக்கும் வேலை கூடுகிறது. அதனால்தான் பேச்சு குழறுகிறது, கால் தள்ளாடுகிறது, தூக்கம் வருகிறது. நம் ஊர் பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். இது வருஷக்கணக்கில் தினமும் வந்தால் மூளை சும்மா இருக்காது. காபா வந்து ஒட்டுகிற இடங்களான ஏற்பிகளின் உணர்வைக் குறைத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கம் தூண்டிவிடுகிற குளுட்டமேட்டின் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரு குவார்ட்டர் போட்டும் ஆள் நேராக நடந்து வருவது இதனால்தான்.

டயசிபாம், அல்பிரசோலம், லோரசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள், பழைய பினோபார்பிடோன், ஆபரேஷன் அறையில் ஏற்றுகிற புரோபோஃபால், எல்லாம் இதே காபா ஏற்பியின் மேல்தான் வேலை செய்கின்றன. ஒட்டும் இடம் வேறு, முடிவு ஒன்று. ஆகவே மதுவுக்குப் பழகிய மூளை, அந்த மாத்திரையை ஒருநாளும் தொட்டதில்லை என்றாலும், அதற்கும் பாதி பழகியிருக்கும். இதைத்தான் குறுக்குத் தாங்குதிறன் என்கிறோம். பாட்டிக்கு அரை மாத்திரை போதுமாக இருந்ததும் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று போதாததும் இப்படித்தான். இதில் கல்லீரலுக்கும் ஒரு பங்கு உண்டு. தினமும் குடிப்பவரின் கல்லீரல், போதையில் இல்லாத நேரத்தில், சில மருந்துகளை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும். அவரே குடித்திருக்கும்போது கல்லீரல் மதுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், மருந்து ரத்தத்தில் அதிக நேரம் தங்கிவிடும்.

பாதி என்று சொன்னேன் இல்லையா, ஆபத்து அந்த இடத்தில்தான். தூக்கத்துக்கும் தள்ளாட்டத்துக்கும் உடம்பு நன்றாகப் பழகிக்கொள்கிறது. மூச்சை நடத்துகிற மூளைத்தண்டு அந்த அளவுக்குப் பழகுவதில்லை. போதை ஏறத் தேவைப்படும் அளவு வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகும், உயிரைப் பறிக்கிற அளவு பெரிதாக நகராது. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி குறுகிவிடும். "இரண்டு போட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்று நாலு போடுகிறார்கள், தூக்கம் வரவில்லையே என்று மேலே ஒரு கட்டிங்கும் குடிக்கிறார்கள். காலையில் எழுப்பினால் எழுந்திருப்பதில்லை.

சரி, ஆபரேஷன். குடலிறக்கத்துக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். அந்த மருந்து நரம்பிலேயே செய்தியைத் தடுப்பது, காபாவோடு அதற்குச் சம்பந்தமில்லை. முழு மயக்கம் கொடுப்பதானால் தினமும் குடிப்பவருக்குக் கூடுதலாகத் தேவைப்படலாம். அன்றைக்குக் குடித்துவிட்டு வந்தவருக்கோ குறைவாகவே போதும். ஆள் ஒருவரே, கணக்கு தலைகீழ். விஷயம் தெரிந்தால் மயக்க மருந்து டாக்டர் பார்த்துப் பார்த்து ஏற்றுவார், நடுவில் முழித்துக்கொள்வாரோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம்.

உண்மையில் நாங்கள் பயப்படுவது ஆபரேஷன் முடிந்த பிறகுதான். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் சட்டென்று கயிற்றை விட்டால் மறுபக்கம் மல்லாக்க விழும். மது நின்றதும் மூளைக்கு அதுதான் நடக்கிறது. கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு ஜன்னி கண்டுவிடும். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு நேற்றே ஆரம்பித்துவிட்டது, அவசரம் என்று சொன்னது இதனால்தான். குடியை மறைத்து வார்டில் சேர்த்தவர், மூன்றாம் ராத்திரி போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருப்பார், டிரிப் ஊசியைப் பிடுங்கி எறிவார், மனைவியையே யாரென்று கேட்பார். "மயக்க ஊசி மூளையைக் கெடுத்துவிட்டது" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பாவம், அந்த ஊசிக்கு இதில் பங்கே இல்லை.

இதைத் தடுக்க நாங்கள் கொடுப்பது என்ன தெரியுமா? குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோரசிபாம். ஆமாம், நீங்கள் கொடுத்த மாத்திரையின் வகைதான்! மது விட்ட இடத்தை மாத்திரை பிடித்துக்கொள்கிறது, சில நாட்களில் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுகிறோம். நடுக்கம், நாடித் துடிப்பு, மூச்சு எல்லாம் பார்த்துத்தான் அளவு முடிவாகும். குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. குடிப்பவருக்கு முதலில் தயமின், அதாவது பி1 வைட்டமின், போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ்.

"அந்த மாத்திரையை எழுதிக்கொடுங்கள், வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று பலர் கேட்கிறார்கள். 1978 செப்டம்பரில் லண்டனில் தி ஹூ இசைக்குழுவின் டிரம்மர் கீத் மூன் இறந்தது இப்படித்தான். குடியை நிறுத்துவதற்காகக் கொடுத்த குளோமெதியசோல் மாத்திரைகளில் 32ஐ விழுங்கியிருந்தார். அவருடைய வயதும் 32தான். மாத்திரைப் புட்டி அவர் பொறுப்பிலேயே இருந்தது.

டிராமடால் மாதிரி வலி மாத்திரைகளுக்கு வழி வேறு. குடிப் பழக்கம் அவற்றிடமிருந்து மூச்சைக் காப்பாற்றாது. டிராமடால் வலிப்பையும் கிளப்பிவிடும். வீட்டில் கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், டாக்டரிடம் போகும்போது ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா: தினம் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணி, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, நீங்கள் கொடுத்த மாத்திரையின் பெயர். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டுக்காரர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரைத் தனியாகப் பாருங்கள். அதற்கு முன்பே வலிப்பு வந்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.