பிசைந்த கைகளே பங்கிடட்டும்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

திருமண ரொட்டிக்குச் சிறப்பு எதனால்? மணமக்கள் சேர்ந்து சுடுவதாலா, வந்தவர்களோடு பகிர்ந்து உண்பதாலா? இதுதான் தலைப்பு. சேர்ந்து சுடுவதால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பழைய ரோமாபுரிக்குப் போனார். கன்ஃபரேயாட்டியோ என்ற திருமணத்தில், பத்துச் சாட்சிகள் முன்னிலையில் மணமக்கள் அப்பத்தைப் பகிர்ந்தார்கள், சுட்டது யார் என்று எவரும் கேட்கவில்லை என்றார். சரி, அந்தச் சான்று அவர்களுக்கே சேரட்டும். ஆனால் அடுத்து உக்ரைனின் கொரோவாய் ரொட்டியைச் சொன்னாரே, அதில் பாதியைத்தான் சொன்னார். விருந்தில் அதை எல்லோருக்கும் பங்கிடுவார்கள், உண்மை. அந்த ரொட்டியைச் செய்ய, நல்ல இல்லறம் நடத்தும் பெண்களாகப் பார்த்து, பெரும்பாலும் ஏழு பேரை அழைத்து, பாடிக்கொண்டே பிசையச் சொன்னார்களே, அது? வாயில் போவதற்கு முன்னால், பிசையும் கை யாருடையது என்று பார்த்த வழக்கம் அது. அந்தக் கை மணமக்களின் கையாகவே இருக்கட்டும் என்கிறோம் நாங்கள்.

ஏன் என்று கேட்டால், மாவைத்தான் காட்ட வேண்டும். புரதம் 12 சதவீதம் உள்ள கோதுமை மாவு 1 கிலோ, தண்ணீர் 650 மில்லி, உப்பு 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். இவ்வளவுதான். இதில் கை வைத்த முதல் ஐந்து நிமிடம் விரலெல்லாம் ஒட்டும். ஒருவர் "ஒட்டுதே" என்று ஒரு பிடி மாவைத் தூவுவார். மற்றவர் "இறுகிப்போச்சே" என்று தண்ணீர் தெளிப்பார். மறுபடி மாவு, மறுபடி தண்ணீர். பத்து நிமிடத்தில் எடுத்த அளவு எதுவும் மிஞ்சாது; உப்பும் ஈஸ்ட்டும் போதாமல் போய், ரொட்டி கனத்துச் சப்பென்று இருக்கும். இதற்கு மருந்து மாவும் இல்லை, தண்ணீரும் இல்லை. இருவரும் கையை எடுத்துவிட்டு, மூடி, 20 நிமிடம் விட வேண்டும். மாவு தானே தண்ணீரைக் குடிக்கும், கோதுமையில் உள்ள பசைப்புரதம் (குளூட்டன்) தானே பின்னிக்கொள்ளும். பிறகு ஐந்தைந்து நிமிடமாக மாற்றி மாற்றிப் பிசைந்தால் போதும். ஒரு துண்டைக் கிள்ளி மெல்ல விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும்.

உப்பைக் கேளுங்கள். அவர் போட்டிருப்பார் என்று இவரும், இவர் போட்டிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டால், மாவு தளர்ந்து, வழக்கத்தைவிட வேகமாகப் பொங்கும். உருட்டுவதற்கு முன் கண்டுபிடித்தால், கொஞ்சம் தண்ணீரில் உப்பைக் கரைத்துப் பிசைந்து சேர்த்துவிடலாம். அடுப்பில் வைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. "உப்புப் போட்டாச்சா?" என்று வாய்விட்டுக் கேட்கும் பழக்கம், கடையில் வாங்கிய ரொட்டியைப் பிட்டு ஊட்டிக்கொள்வதால் வருமா?

ரொட்டி வெடித்தால் அபசகுனம், மணமக்களுக்கு ஏன் இந்தச் சோதனை என்று எதிரணியில் ஒருவர் உருக்கமாகப் பேசினார். ரொட்டி பக்கவாட்டில் வெடிப்பதற்குக் காரணம் உண்டு, ஐயா. உருட்டிய பிறகு இரண்டாம் முறை போதிய அளவு பொங்காமல் அடுப்புக்குப் போயிருக்கும். அல்லது மேலே கத்தியால் கீறியிருக்க மாட்டார்கள். அல்லது அடுப்பில் ஆவி இல்லாமல் மேல்தோல் சட்டென்று காய்ந்திருக்கும். உள்ளே விரியும் காற்று, பலவீனமான இடம் பார்த்துக் கிழித்துக்கொண்டு வரும். அடுப்புக்குப் போகும் முன் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி உடனே மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும், மெல்ல வந்தால் சரி, வராமலே போனால் மிஞ்சிவிட்டது. இதை இருவரும் சேர்ந்து தெரிந்துகொண்ட வீட்டில், வெடிப்பைக் கண்டு யாரும் யாரையும் பழிக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இதற்கு நேரம் ஏது என்றார்கள். அதற்கும் வழி உண்டு. ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறையுங்கள். மாலையில் பிசைந்து, ஒன்றரை மணி நேரம் வெளியே விட்டு, உருட்டி, மூடி, 4 டிகிரி குளிர்ப்பெட்டியில் இரவு முழுக்க வைத்துவிடலாம். காலையில் நேராக அடுப்பு: முதல் 15 நிமிடம் 230 டிகிரியில் ஆவியோடு, அடுத்த 30 நிமிடம் 200-இல். நடுப்பகுதி 96 டிகிரி தொட்டால் வெந்துவிட்டது. ஒரு கிலோ மாவில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ரொட்டி, ஆளுக்கு 50 கிராம் என்றால் 30 பேருக்கு ஆகும். சூடாக வெட்டத்தான் கை பரபரக்கும். ஒன்றரை மணி நேரம் பொறுக்காவிட்டால், உள்ளே கத்தியில் ஒட்டும் களியாக இருக்கும்.

பகிர்வதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டை நீட்டும்போது "இதில் என்னென்ன இருக்கிறது? முட்டை தடவியதா? பால் உண்டா?" என்று ஒரு விருந்தாளி கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யார்? கோதுமைப் பசைப்புரதம் ஆகாதவர் ஒருவர் வருகிறார் என்றால், அவருக்கு வேறு மாவில், வேறு பாத்திரத்தில், கோதுமைத் தூள் பறக்கத் தொடங்கும் முன்பே ரொட்டி சுட்டு, மூடித் தனியே வைக்க வேண்டும். முந்தின நாள் மாலையே அவரை நினைத்திருந்தால்தான் அது நடக்கும், நடுவர் அவர்களே.